கோல்ஃப் கற்றுக்கொடுக்க எந்தக் கருவி வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்ஃப் சொல்லித்தரும் நண்பர்களும், பயிற்சியாளர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், சில சமயம் மாணவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் இவை. வாய்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

கருவி எதுவும் இல்லாமல் கற்றுக்கொடுக்க முடியாதா?

முடியும். பந்து எங்கே கிளம்பியது, எந்தப் பக்கம் வளைந்தது, தரையில் கிளப், அதாவது அடிக்கும் மட்டை, எங்கே பட்டது என்ற மூன்றையும் ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆனால் கண்ணுக்கு ஒரு எல்லை உண்டு. மேலிருந்து கீழே வரும் ஸ்விங் கால் நொடியில் முடிந்துவிடுகிறது. கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் அரை மில்லிநொடிதான். கண்ணால் முடியாத இந்த வேலைக்குத்தான் கருவி வேண்டும்.

எதை வாங்குவதற்கு முன்பும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என் பாடத்தில் நான் ஊகித்துச் சொல்லும் விஷயம் எது? அந்த ஊகத்தைச் சரிபார்க்கும் கருவிதான் உங்களுக்கு வேண்டியது. பக்கத்துப் பயிற்சி ரேஞ்சில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்கினால் பெரும்பாலும் அது மூலையில் தூசி படிந்து கிடக்கும்.

சரி, கையில் காசு குறைவு. முதலில் எதை வாங்கலாம்?

போன் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆடாமல் நிறுத்த ஒரு டிரைபாட், திசை பார்க்கத் தரையில் வைக்கும் இரண்டு அலைன்மென்ட் குச்சி, கிளப் முகத்தில் (பந்தைத் தொடும் பரப்பில்) அடிக்க, பாதத்துக்குப் போடும் பவுடர் ஸ்பிரே ஒன்று. இவ்வளவு போதும். ஸ்பிரே அடித்த முகத்தில் பந்து பட்ட இடம் அச்சாகப் பதியும், பிறகு துணியால் துடைத்துவிடலாம். மாணவர் தன் அடியைத் தானே பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

போன் கேமரா போதுமா, ஹை ஸ்பீட் கேமரா தனியாக வேண்டுமா?

பெரும்பாலான பாடங்களுக்குப் போன் போதும். நொடிக்கு 240 ஃபிரேம் எடுத்தால், கீழே வரும் ஸ்விங்கில் மட்டும் சுமார் 60 படங்கள் கிடைக்கும். உடம்பு எப்படித் திரும்புகிறது, கை எந்த உயரத்தில் இருக்கிறது, கிளப் எந்தச் சாய்வில் இறங்குகிறது என்று பார்க்க அது தாராளம்.

எல்லோரும் ஃபிரேம் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். ஷட்டர் வேகத்தை யாரும் கேட்பதில்லை. கிளப் தலை மணிக்கு 100 மைல் வேகத்தில் வந்தால் நொடிக்குச் சுமார் 45 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் நொடியில் 240-ல் ஒரு பங்கு திறந்திருந்தால் அதற்குள் கிளப் 18 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். திரையில் தெரிவது கிளப் இல்லை, ஒரு கறை. ஷட்டரை 4,000-ல் ஒரு பங்காகக் குறைத்தால் அதே கறை சுமார் 1 சென்டிமீட்டர் ஆகிவிடும். இதற்கு நிறைய வெளிச்சம் வேண்டும். ஆகவே வெளிச்சம் குறைந்த உள்ளறையில் புதுக் கேமரா வாங்குவதற்கு முன் நல்ல விளக்கு வாங்குங்கள். ஷட்டரைக் கையால் மாற்றவிடும் கேமரா ஆப்களும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் போன் காட்டாது: பந்தைத் தொடும் நொடியில் கிளப் முகம் எங்கே பார்க்கிறது என்பது. 240 ஃபிரேமில் இரண்டு படங்களுக்கு இடையே 4 மில்லிநொடிக்கு மேல் இடைவெளி. தொடும் நேரமோ அரை மில்லிநொடி. பெரும்பாலும் அது இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிவிடும்.

வீடியோவில் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) வாழைப்பழம் மாதிரி வளைகிறதே, மாணவர் அவ்வளவு வேகமாகவா அடிக்கிறார்?

இல்லை. போன் கேமராவின் சென்சார் ஒரு படத்தை ஒரே சமயத்தில் எடுக்காமல் வரிவரியாகப் படிக்கிறது. மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழ் வரிக்கு வருவதற்குள் கிளப் நகர்ந்துவிடுகிறது, அதுதான் வளைவாகத் தெரிகிறது. ஷாஃப்ட் உண்மையிலும் கொஞ்சம் வளையும்தான், ஆனால் போன் படத்தை வைத்து அதைப் பற்றிப் பேசாதீர்கள். ஷாஃப்ட்டின் விறைப்பை மாற்றச் சொல்வது இன்னும் ஆபத்து.

கேமராவை எங்கே வைத்தால் சரி?

இரண்டு இடம். ஒன்று, இலக்குக் கோட்டின் திசையிலேயே, மாணவருக்குப் பின்பக்கம், கை உயரத்தில், கைகளை நேராகப் பார்க்கும்படி. இன்னொன்று, மாணவருக்கு நேர் எதிரே, இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாக, நெஞ்சு அல்லது கை உயரத்தில். பின்னால் வைக்கும் கேமரா ஓரடி தள்ளிப்போனாலே கிளப் உள்ளிருந்து வருவது போலவோ வெளியிலிருந்து வருவது போலவோ பொய்யாகக் காட்டும். போன வாரம் ஓரிடம், இந்த வாரம் வேறிடம் என்று வைத்து எடுத்த இரண்டு வீடியோவைப் பக்கத்தில் வைத்து முன்னேற்றம் காட்டுகிறவர்கள் பலர். அங்கே மாறியது ஸ்விங்கா, டிரைபாடா என்று யாருக்கும் தெரியாது. தரையில் ஒரு டேப் ஒட்டி இடத்தைக் குறித்துவிட்டால் தீர்ந்தது.

வீடியோவுக்கு எந்த ஆப் நல்லது?

விஒன், ஆன்ஃபார்ம், கோச்நவ் எல்லாமே கோடு போடவும், இரண்டு வீடியோவை ஒப்பிடவும், குரலோடு விளக்கம் அனுப்பவும் உதவுகின்றன. கணினியில் பார்ப்பதாக இருந்தால் கினோவியா இலவசம். வசதிகளில் பெரிய வித்தியாசம் இல்லை, கைக்கு வேகமாக வருவதை எடுங்கள். வீடியோ திறக்க நேரமானால் மாணவர் அதற்குள் இன்னும் நாலு பந்து அடித்துவிடுவார்.

நான் பார்ப்பது வேறொன்று: அசல் வீடியோவை மொத்தமாக வெளியே எடுக்க முடிகிறதா? பயிற்சியாளர்கள் நிறையப் பேர் பயன்படுத்திய கோச்சஸ் ஐ என்ற ஆப் 2022-ல் நிறுத்தப்பட்டது. ஆப் போகலாம், மாணவரின் வீடியோக்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.

லாஞ்ச் மானிட்டரில் ரேடார் வாங்கலாமா, கேமரா வாங்கலாமா?

லாஞ்ச் மானிட்டர் என்பது பந்தும் கிளப்பும் நகர்வதை அளந்து எண்ணாகச் சொல்லும் கருவி. எந்த வகை என்பது நீங்கள் எங்கே கற்றுக்கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிராக்மேன், ஃபிளைட்ஸ்கோப், சின்ன அளவில் கார்மின் ஆர்10 போன்றவை ரேடாரை நம்பியவை. மாணவருக்குப் பின்னால் நின்று, பறந்து போகும் பந்தைத் துரத்திப் பார்க்கும். திறந்த வெளியில் இவை நன்றாக வேலை செய்யும், காற்று தள்ளியது உட்பட உண்மையில் நடந்ததைக் காட்டும். உள்ளறையில் பந்து சில மீட்டரிலேயே வலையில் மோதிவிடுவதால் சுழற்சியைப் பிடிப்பது கஷ்டம். அதற்காகத்தான் பந்தில் உலோகப் புள்ளி ஒட்டுகிறார்கள், ரேடாருக்கென்றே தயாரித்த பந்துகளும் வந்திருக்கின்றன.

ஃபோர்சைட்டின் ஜிசி குவாட், ஸ்கைடிராக் போன்றவை கேமரா வகை. பந்துக்குப் பக்கத்தில் நின்று, கிளம்பிய உடனே அடுத்தடுத்துப் படமெடுத்து, வேகம், கோணம், சுழற்சி ஆகியவற்றைக் கண்டுபிடித்து, மீதிப் பயணத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும். சின்ன அறைக்கு இதுதான் வசதி. பந்து அப்புறம் மரத்தில் மோதியதா, எதிர்காற்றில் நின்றதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கிளப் தகவல் வேண்டுமென்றால் ஜிசி குவாட் போன்றவற்றுக்குக் கிளப் முகத்தில் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வகுப்பில் ஆறு பேர், ஆறு பேரிடமும் வேறு வேறு கிளப் என்றால் ஒட்டி ஒட்டியே நேரம் போகும். அதையும் யோசியுங்கள்.

உள்ளறைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? இடதுகைக்காரர் வந்தால்?

உயரம் குறைந்தது 3 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். உயரமானவர் டிரைவரால் (இருப்பதிலேயே நீளமான கிளப்) அடிக்கும்போது கூரை நினைவு வந்துவிட்டால் அந்த ஸ்விங்கில் பார்க்க ஒன்றுமில்லை. சின்ன ரேடார் கருவி பந்துக்குப் பின்னால் சுமார் 2 மீட்டர் தள்ளி நிற்கும், பந்திலிருந்து வலைவரை இன்னும் இரண்டரை மீட்டராவது வேண்டும்.

பக்கத்தில் வைக்கும் கேமரா வகையை இடதுகைக்காரருக்காக எதிர்ப்பக்கம் தூக்கி வைத்து மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். இரண்டு கைக்காரர்களும் மாறி மாறி வரும் இடமென்றால் கூரையில் மாட்டும் வகையோ பின்னால் நிற்கும் ரேடாரோ நிம்மதி.

சின்ன, விலை குறைந்த மானிட்டரை நம்பலாமா?

எதை நம்புவது என்று தெரிந்தால் நம்பலாம். பந்தின் வேகம், கிளம்பும் கோணம் போன்றவற்றை நேரடியாக அளக்கும் கருவி, வேறு சில எண்களைக் கணக்கிட்டு நிரப்பும். திரையில் இரண்டும் ஒரே எழுத்தில்தான் தெரியும். கையேட்டில் எது அளந்தது, எது கணக்கிட்டது என்று பார்த்து, கணக்கிட்டதைப் பென்சிலால் எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, கிளப் முகத்தின் கோணத்தைப் பந்து கிளம்பிய திசையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் கருவி, பந்து முகத்தின் நடுவில் பட்டதாக எடுத்துக்கொள்ளும். மாணவர் ஹீலில், அதாவது முகத்தில் ஷாஃப்ட்டுக்குப் பக்கமான முனையில், அடித்திருந்தால் அந்த எண் தவறு. புதிதாகக் கற்பவர்கள் நடுவில் அடிப்பது அபூர்வம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. ஸ்பிரேயை ஏன் முதல் பட்டியலிலேயே சேர்த்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

திரையில் இருபது எண் வருகிறது. எதைப் பார்ப்பது?

மாணவருக்கு ஒரு பாடத்தில் ஒரு எண். அதிகம் போனால் இரண்டு. பயிற்சியாளர் முதலில் பார்க்க வேண்டியவை கிளப் முகம் பார்க்கும் திசை, கிளப் வரும் பாதை, முகத்தில் பட்ட இடம் ஆகிய மூன்று. பந்து ஏறக்குறைய முகம் பார்க்கும் திசையில்தான் கிளம்பும். அந்த முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் அதை வளைக்கிறது.

வலதுகை மாணவர் ஒருவர் ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவது) என்று வருகிறார். முகம் இலக்குக்கு 2 டிகிரி வலப்பக்கம், பாதை 6 டிகிரி இடப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8 டிகிரி. பந்து இலக்குக்குக் கொஞ்சம் வலத்தில் கிளம்பி இன்னும் வலமாக ஓடும். எண் இல்லாத காலத்தில் ‘முகத்தை மூடுங்கள்’ என்று சொல்லி அனுப்பியிருப்போம். இங்கே முகம் பெரிய குற்றவாளி இல்லை, பாதைதான். இந்த மாதிரி இடத்தில் மானிட்டர் தன் விலையைத் திருப்பித் தருகிறது.

ஸ்மாஷ் ஃபாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பந்து வேகத்தைக் கிளப் வேகத்தால் வகுத்தால் வருவது அது. டிரைவரில் 1.5 பக்கம் வந்தால் நல்ல அடி. லாஃப்ட் (முகத்தின் சாய்வு) கூடக்கூட அது இயல்பாகவே குறையும், சாய்வு அதிகமான வெட்ஜில் அதே எண்ணைத் துரத்துவதில் அர்த்தமில்லை. டிரைவரில் 1.58 என்று காட்டினால் மாணவரைப் பாராட்டாமல் கருவி வைத்த இடத்தைச் சரிபாருங்கள்.

ரேஞ்ச் பந்தில் அளந்த தூரத்தை வைத்து மாணவருக்குக் கிளப் தூரப் பட்டியல் போட்டுத் தரலாமா?

வேண்டாம். ரேஞ்ச் பந்து தேய்ந்திருக்கும், பலவற்றில் உறையும் கட்டமைப்பும் வேறு, வேகமும் சுழற்சியும் மாறும். கிளப் பாதை, முகம், கிளப் இறங்கும் கோணம் ஆகியவற்றுக்கு எந்தப் பந்தானாலும் சரி. தூரத்துக்கு அவர் களத்தில் ஆடும் பந்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மொத்த தூரத்தை விட்டுவிட்டு, பந்து தரையில் விழும்வரை போகும் தூரத்தை எழுதிக் கொடுங்கள்.

இரண்டு மானிட்டரைப் பக்கத்தில் வைத்தேன், இரண்டும் வேறு எண் சொல்கிறது. எது பொய்?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஸ்விங்கில் கிளப்பின் டோ (ஹீலுக்கு எதிர்ப்பக்க முனை) ஹீலைவிட வேகமாக நகர்கிறது. ஒரு கருவி தலையின் நடுப்பகுதி வேகத்தைச் சொல்லும், இன்னொன்று முகத்தில் வேறொரு புள்ளியின் வேகத்தைச் சொல்லும். எந்தக் கணத்தில் அளப்பது என்பதிலும் நிறுவனங்கள் ஒத்துப்போவதில்லை. கிளப் வேகம் மாறினால் ஸ்மாஷ் ஃபாக்டரும் மாறும்.

இன்னொரு காரணம் சாதாரணமானது: இலக்குத் திசையை இரண்டு கருவிக்கும் சரியாக ஒரே மாதிரி காட்டியிருக்க மாட்டீர்கள். 2 டிகிரி திரும்பி நின்றாலே பாதையும் முகமும் 2 டிகிரி மாறும், முந்தைய ஸ்லைஸ் கணக்கே புரண்டுவிடும். ஆனால் முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும். சந்தேகம் வந்தால் அந்த வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு மாணவருக்கு எப்போதும் ஒரே கருவி.

எண் டிரா (பந்து இடப்பக்கம் வளைவது) என்கிறது, பந்து வலப்பக்கம் ஸ்லைஸ் ஆகிப் போகிறது. மானிட்டர் கெட்டுவிட்டதா?

முதலில் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அச்சு ஹீல் பக்கம் இருக்கும். டிரைவரில் பந்து நடுவைவிட்டுத் தள்ளிப் பட்டால் தலை திரும்புகிறது, அந்தத் திருப்பம் பந்துக்கு எதிர்த்திசைச் சுழற்சி தருகிறது. கியர் எஃபெக்ட் என்பார்கள். ஹீலில் பட்டால் ஸ்லைஸ் பக்கமும் டோவில் பட்டால் அதற்கு எதிரான ஹூக் பக்கமும் இழுக்கும். டிரைவரின் எடை மையம் முகத்துக்கு வெகு பின்னால் இருப்பதால் இது பலமாகத் தெரியும், தலை மெல்லியதான ஐயன் கிளப்பில் மிகக் குறைவு. இந்த மாணவருக்குப் பாதையைத் திருத்தப் போனால் சரியாக இருப்பதைக் கெடுத்துவிடுவீர்கள். பந்திலிருந்து நிற்கும் தூரம், சமநிலை ஆகியவற்றைப் பாருங்கள்.

பிரஷர் மேட், மணிக்கட்டு சென்சார், முப்பரிமாண உடை எல்லாம் தேவையா?

தினமும் பாடம் எடுத்து, மற்றவை எல்லாம் வாங்கி முடித்தவருக்கு. பிரஷர் மேட் பாதத்தில் அழுத்தம் எங்கே இருக்கிறது என்று காட்டும். ஃபோர்ஸ் பிளேட் அதோடு தரையைப் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் முறுக்கு விசையையும் அளக்கும். இரண்டும் ஒன்றல்ல, விற்பவர் சொல்லும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹேக்மோஷன் போன்ற மணிக்கட்டு சென்சார் ஒரே கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும்: கிளப் முகம் திறப்பதற்கு மணிக்கட்டு காரணமா? பட்டை நழுவினால் எண்ணும் நழுவும் என்பதால் ஆரம்ப நிலையை அவ்வப்போது மறுபடி பதிய வேண்டும்.

போன் வீடியோவை வைத்தே ஏஐ ஆப் உடம்பு திரும்பும் டிகிரியைச் சொல்கிறதே?

சொல்கிறது. ஒரே கோணப் படத்திலிருந்து ஆழத்தை ஊகித்துச் சொல்கிறது. தொளதொள சட்டை, மங்கிய வெளிச்சம், தள்ளி வைத்த கேமரா எல்லாம் அந்த ஊகத்தைக் கலைக்கும். ஒரே இடத்தில் வைத்த கேமராவில் ஒரே மாணவரை இந்த மாதமும் அடுத்த மாதமும் ஒப்பிட இது பயன்படும். ‘உங்கள் இடுப்பு 41 டிகிரி, 45 வேண்டும்’ என்று பாடம் நடத்த அல்ல. அவை தானாகக் கொடுக்கும் அறிவுரையை மாணவருக்கு அப்படியே அனுப்புவதாக இருந்தால் நீங்கள் எதற்கு?

புட்டிங்குக்கு (பந்தைக் குழிக்கு உருட்டுவதற்கு) எது?

சாக்பீஸ் கோடு, பந்துக்கு முன்னால் இரண்டு டீ (பந்தை வைக்கும் சின்ன முளை) குத்திய வாசல், தரைக் கண்ணாடி. சாம் புட்லேப், குயின்டிக் போன்ற கருவிகள் மிக நுட்பமானவை, ஆனால் முகம் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை இந்த டீ வாசலே சொல்லிவிடும். வேகக் கட்டுப்பாட்டை எந்தத் திரையும் கற்றுக்கொடுக்காது, குழியைச் சுற்றியுள்ள கிரீனில்தான் பழக வேண்டும்.

போட்டியில் இதையெல்லாம் பயன்படுத்தலாமா? மாணவர் கேட்கிறார்.

2019-ல் வந்த விதிகளின்படி தூரம் அளக்கும் கருவி பொதுவாக அனுமதி. ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது. போட்டி நடத்துபவர்கள் தூரக் கருவியையே தடை செய்யவும் முடியும். அலைன்மென்ட் குச்சியைத் தரையில் வைத்து நின்று அடிப்பது, மணிக்கட்டு சென்சார், லாஞ்ச் மானிட்டர் எல்லாம் சுற்று நடக்கும்போது கூடாது. கருவிகளைப் பற்றிய விதி 4.3-ஐ முதல் முறை மீறினால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி தண்டனை, மறுபடி மீறினால் தகுதி நீக்கம்.

சிறுவர்களை வீடியோ எடுக்கலாமா?

பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு. எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். விளம்பரத்துக்குப் போடுவதாக இருந்தால் அதற்குத் தனி அனுமதி. எண்களைச் சிறுவர்களிடம் காட்டாமல் இருப்பதே நல்லது. அன்று முழுக்கக் கிளப் வேகத்தை மட்டுமே துரத்துவார்கள்.

மாணவர் ஒவ்வொரு அடிக்கும் திரையைத் திரும்பிப் பார்க்கிறார். திரை இல்லாமல் அடிக்கச் சொன்னால் தடுமாறுகிறார். என்ன செய்வது?

கருவி வாங்கியவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடு திரும்பி வருகிறார்கள். 1990-ல் வின்ஸ்டீன், ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் கை அசைவுப் பயிற்சி ஒன்றில் இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவு காட்டப்பட்டவர்களைவிட, சுமார் பாதி முயற்சிகளுக்கு மட்டும் காட்டப்பட்டவர்கள் பிற்பாடு நன்றாகச் செய்தார்கள். அவர்கள் சோதித்தது கோல்ஃப் இல்லை, ஆனால் ரேஞ்சில் பார்ப்பது இதோடு பொருந்துகிறது. எண் உடனே வந்துவிட்டால் மாணவர் தன் உடம்பைக் கேட்பதை நிறுத்திவிடுகிறார்.

திரையைத் திருப்பி வையுங்கள். அடித்த பிறகு ‘முகம் எந்தப் பக்கம் பார்த்தது?’ என்று கேளுங்கள், அவர் சொன்ன பிறகு காட்டுங்கள். பிறகு மூன்று அடிக்கு ஒருமுறை, அப்புறம் ஐந்துக்கு ஒருமுறை. அவர் ஊகமும் எண்ணும் நெருங்கி வருவதுதான் கற்றல் நடப்பதற்கான அடையாளம். கடைசிப் பத்துப் பந்து திரை இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் வேறு கிளப், வேறு இலக்கு.

எண் எல்லாம் நன்றாகிவிட்டது, ஸ்கோர் குறையவே இல்லை. கருவி தப்பா, பாடம் தப்பா?

தப்பான இடத்தை அளந்திருக்கிறீர்கள். களத்தில் எந்த அடியில் ஸ்கோர் போகிறது என்று பார்க்க ஆர்க்கோஸ், ஷாட் ஸ்கோப் போன்ற பதிவுக் கருவிகள் இருக்கின்றன. மார்க் பிராடி என்ற பேராசிரியர் உருவாக்கிய ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட் கணக்கை இவை பயன்படுத்துகின்றன. 8 அடி தூரப் புட்டைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய பாதி முறை போடுகிறார்கள், ஆகவே அங்கிருந்து குழிக்குள் போடச் சராசரி ஒன்றரை ஸ்ட்ரோக். ஒரே ஸ்ட்ரோக்கில் போட்டால் அரை ஸ்ட்ரோக் லாபம், இரண்டு எடுத்தால் அரை ஸ்ட்ரோக் நஷ்டம். எல்லா அடிகளுக்கும் இப்படிப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும் என்பதால் புட் தூரங்களை மட்டும் மாணவரையே காலடியால் அளந்து எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தாறு சுற்றின் கணக்கு வந்த பிறகு பெரும்பாலும் தெரிவது: நாம் டிரைவரில் 2 டிகிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் கிரீனுக்குப் போகும் ஐயன் அடியில் எப்போதும் தூரம் போதாத, ஒரு படி குறைந்த கிளப்பையே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த பாடத்துக்கு மானிட்டரை எடுத்து வராமல் அவரோடு களத்தில் ஒன்பது ஹோல் நடந்துவிட்டு வாருங்கள்.